ஸ்பிரிங் கலப்பையை எப்படிச் சரிசெய்வது? பெங்களூருவைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்களுக்கு

வேலை பெங்களூருவில், இரண்டு மூன்று ஏக்கர் நிலம் ஆனேக்கல், ஹொசகோட்டே, தேவனஹள்ளிப் பக்கம். இப்படி இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய. அந்த நிலங்களில் பல, தைலமரம் வெட்டிய நிலங்கள். மேலே பார்த்தால் செம்மண், ஒரு சாண் கீழே போனால் கட்டை, வேர், கருங்கல். அதனால்தான் எல்லோரும் ஒன்பது கொத்து (மண்ணைக் கிளறும் இரும்புக் கால்) கொண்ட, ஸ்பிரிங் வைத்த டிராக்டர் கலப்பையை வாங்குகிறோம். கொத்தின் நுனியில் உள்ள கொழு கல்லில் இடித்தால் அந்தக் கொத்து மட்டும் பின்னால் மடங்கி, கல்லைத் தாண்டியதும் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

அந்த ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்குவது என்பதை மட்டும் விற்கிறவர் சொல்வதில்லை. கையேடும் தருவதில்லை. ஒரு மெக்கானிக் முழுசாக முறுக்கச் சொன்னார், இன்னொருவர் தளர்த்தச் சொன்னார், மூன்றாமவர் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு வெல்டு வைத்துவிடலாம் என்றார். மூவருமே பல வருடம் டிராக்டரோடு இருப்பவர்கள்! பலரிடம் கேட்டும், அளந்து பார்த்தும் சேர்த்த விஷயங்களைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

எல்லா முடிவுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஸ்பிரிங் மண்ணுக்குத் திறக்கக் கூடாது, கல்லுக்குத் திறந்தே ஆக வேண்டும். திறப்பது என்றால் கொத்து பின்னால் மடங்குவது.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை?

கலப்பைக்குப் பக்கவாட்டில் நின்று ஒரு கொத்தை மட்டும் பாருங்கள். மேலே சட்டத்தோடு ஒரு பின்னில் கொத்து தொங்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங், ஆக ஒரு கொத்துக்கு இரண்டு. கொத்து பின்னால் போகும்போது சுருள்கள் விரிந்தால் அது இழுவை ஸ்பிரிங். நெருங்கினால் அமுக்க ஸ்பிரிங். அளக்கும் முறை இரண்டுக்கும் வேறு.

அடுத்து, ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மரையுள்ள போல்ட்டும் நட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மலிவான மாடல்கள் சிலவற்றில் இரண்டு முனையும் வெறும் கொக்கிதான். அவற்றில் முறுக்க ஒன்றுமில்லை. கொக்கி மாட்ட வேறு துளை இருந்தால் மாற்றலாம், இல்லையென்றால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். கடைக்காரர் 'அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு' என்றால் நட்டைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சிலரிடம் இருப்பது ஸ்பிரிங் இல்லாத, ஷேர் போல்ட் வைத்த கலப்பை. கல்லில் மோதினால் அந்தப் போல்ட் அறுந்து கலப்பை தப்பிக்கும். அறுந்து அறுந்து போகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போடுவது, வீட்டில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடிக் கம்பி சுற்றுவதைப் போன்றது. தலையில் 8.8, 10.9 என்று எண் போட்டிருக்கும். பழைய போல்ட்டில் என்ன எண்ணோ அதே எண், அதே விட்டம்.

2. ஸ்பிரிங்கைத் தொடும் முன்

'கொத்து ஆடுது, ஆழம் வரல' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பிரிங் காரணமில்லை. அதனால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

பின்னும் புஷ்ஷும்: கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு கொத்தையும் கையால் இடம் வலமாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் புஷ் (பின் நுழையும் உலோகக் குழல்) தேய்ந்துவிட்டது. எவ்வளவு முறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது. புஷ் மாற்றும் செலவு சின்னது. மாற்றாமல் விட்டால் சட்டத்துத் துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் லேத் வேலைதான்.

கொழு: முனை மழுங்கிய கொழு மண்ணுக்குள் இறங்காது, மண்ணைத் தள்ளும். தள்ளும்போது இழுவை கூடி ஸ்பிரிங் திறக்கும். இருபக்கமும் பயன்படும் கொழு என்றால் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் புதுசு.

டாப் லிங்க்: உழும்போது கலப்பைச் சட்டம் முன்பின்னாகவும் இடம் வலமாகவும் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். டாப் லிங்க் (டிராக்டரையும் கலப்பையையும் மேல்பக்கம் இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பி) நீளம் சரியில்லை என்றால் முன் வரிசை மட்டும் ஆழமாக இறங்கும், இல்லை பின் வரிசை மட்டும். இதைச் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கை முறுக்கினால் தப்பு இரண்டாகும். இடம் வலத்துக்கு லிப்ட் ராடை (கீழ் இணைப்புக் கையைத் தூக்கும் கம்பி) திருகிச் சமன் செய்யுங்கள்.

மண்: எங்கள் செம்மண் காய்ந்தால் கல்தான். ஈரமில்லாத நிலத்தில் எல்லா ஸ்பிரிங்கும் திறந்து திறந்து மூடுகிறதென்றால் கோளாறு கலப்பையில் இல்லை. ஒரு மழைக்குக் காத்திருங்கள்.

வளைந்த கொத்து: சமதளமான சிமெண்ட் தரையில் கலப்பையை இறக்கினால் ஒன்பது முனையும் தரையைத் தொட வேண்டும். ஒன்று மட்டும் அந்தரத்தில் நின்றால் அது வளைந்திருக்கிறது, அல்லது அதன் கொழு மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் கொத்து திறக்கிறதென்றால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

3. கையை வைப்பதற்கு முன் உயிரைப் பாருங்கள்

டிராக்டரை நிறுத்தி, கை பிரேக் போட்டு, சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். கலப்பை தரையில் இருக்க வேண்டும். தூக்கிய நிலையில்தான் வேலை நடக்கும் என்றால் சட்டத்துக்கு அடியில் நல்ல மரக்கட்டை, இரண்டு பக்கமும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுக்க வேண்டாம். லீவர் தட்டுப்பட்டால் மொத்தக் கலப்பையும் மேலே இறங்கும்.

ஸ்பிரிங் ஏற்கெனவே இறுக்கத்தில்தான் இருக்கிறது. அதன் நேர்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். கழற்ற வேண்டுமானால் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மரை இருக்கும்போதே அழுத்தம் முழுதும் போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் கடைசிச் சுற்று. மரை முடியும்போதும் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இருக்கும் பட்டறைக்குப் போங்கள். துருப்பிடித்த நட்டை கேஸ் வைத்து வெட்டுவதும், ஸ்பிரிங்கைச் சூடாக்குவதும் கூடாது. சூடு பட்ட ஸ்பிரிங் தன் பதத்தை இழந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

கண்ணாடி போடுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

4. முறுக்குவதற்கு முன் அளவெடுங்கள்

இந்த ஒரு படியை யாரும் செய்வதில்லை. எத்தனை சுற்று முறுக்கினோம் என்று கணக்கு வைப்பதால் பயனில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு இடத்தில் இருந்து தொடங்குகிறது. அளக்க வேண்டியது ஸ்பிரிங்கின் நீளம்.

ஸ்டீல் ஸ்கேலும் ஒரு நோட்டும் எடுங்கள். இடமிருந்து வலமாகக் கொத்துகளுக்கு 1 முதல் 9 வரை எண் போட்டு, பெயிண்டால் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் இரண்டு ஸ்பிரிங் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். இழுவை ஸ்பிரிங்கில் ஒரு கொக்கியின் உள்பக்கத்திலிருந்து மறு கொக்கியின் உள்பக்கம் வரை. அமுக்க ஸ்பிரிங்கில் முதல் சுருளிலிருந்து கடைசிச் சுருள் வரை.

பதினெட்டு எண்களும் ஒரே பக்கத்தில் வந்ததும் பல விஷயம் தானாகத் தெரியும். ஒரே கொத்தில் இடப்பக்கம் ஒரு நீளம், வலப்பக்கம் வேறு நீளம் என்றால் கொத்து ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டு திறக்கும், புஷ் சீக்கிரம் தேயும். டிராக்டர் சக்கரத்துக்குப் பின்னால் வரும் கொத்துகள் மட்டும் தளர்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சக்கரம் அமுக்கிய மண் கெட்டியானது, அந்த ஸ்பிரிங்குகளுக்கு வேலை அதிகம்.

உங்கள் கலப்பைக்கு உரிய நீளம் எது? கையேடு கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு மாடல் எண்ணைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், புதுக் கலப்பையாக இருந்தால் வயலில் இறக்குவதற்கு முன் இந்த அளவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கையேடு.

கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பின்னிலிருந்து கொழு முனை வரை உள்ள தூரத்தையும், பின்னிலிருந்து ஸ்பிரிங் இழுக்கும் கோடு வரை உள்ள செங்குத்துத் தூரத்தையும் அளவெடுங்கள். உதாரணத்துக்கு முதலாவது 60 செ.மீ., இரண்டாவது 12 செ.மீ. என்றால் விகிதம் ஐந்துக்கு ஒன்று. இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 500 கிலோ இழுத்தால் கொழு முனையில் 100 கிலோ விசை வந்த பிறகுதான் கொத்து திறக்கத் தொடங்கும். எடை போடும் தொங்கு தராசும் செயின் பிளாக்கும் (சங்கிலியால் பாரம் இழுக்கும் கருவி) கிடைத்தால் முனையைப் பின்னோக்கி இழுத்தே இதைப் பார்த்துவிடலாம். ஒன்பதும் ஏறக்குறைய ஒரே எடையில் திறக்க வேண்டும். தனி எண்ணைவிட இந்தச் சமம்தான் முக்கியம்.

5. முறுக்குதல்

முந்தைய நாள் இரவே மரைகளில் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் கம்பி பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டுங்கள். லாக் நட்டை (முதல் நட்டு தளராமல் பிடிக்கும் இரண்டாவது நட்டு) முதலில் தளர்த்துங்கள். இதை மறந்துவிட்டு ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இழுத்தால் மரை போய்விடும்.

ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் அரைச் சுற்று. ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். இலக்கு நீளம் வந்ததும் முதல் நட்டை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். பின்னுக்கு கிரீஸ் நிப்பிள் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

அமுக்க ஸ்பிரிங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிகம் முறுக்கினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், கொத்து திறக்க இடமே இருக்காது. பார்ப்பது எளிது: சுருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைக் கூட்டுங்கள். 3 மி.மீ. வீதம் பத்து இடைவெளி என்றால் மொத்தம் 30 மி.மீ. கொத்து முழுதாகத் திறக்க ஸ்பிரிங் 40 மி.மீ. நெருங்க வேண்டும் என்றால், முக்கால் வழியிலேயே அது வெறும் இரும்புக் கம்பிதான். கல்லின் அடி நேரே சட்டத்துக்குப் போகும்.

'ஃபுல் டைட் மாடிதீனி சார், இன்னேனு ஆகல்ல' (முழுசா முறுக்கிட்டேன் சார், இனி ஒன்றும் ஆகாது) என்று பட்டறையில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஸ்கேலை எடுங்கள். முழுசாக இறுக்கிய கலப்பையில் முதலில் போவது கொத்து. அது தப்பினால் சட்டத்தின் வெல்டு, அதுவும் தப்பினால் டிராக்டரின் லிங்க் பின். ஒவ்வொன்றும் முந்தையதைவிட விலை அதிகம்.

6. வயலில் சோதனை

வீட்டில் தைக்கும் பருத்தி நூல் போதும். ஒவ்வொரு கொத்தின் மேல்பகுதியிலிருந்து சட்டத்துக்கு, ஒரு விரல் அளவு தளர்வு விட்டு ஒரு நூல் கட்டுங்கள். மண்ணில் படாத உயரத்தில் கட்டுவது முக்கியம். பிறகு கல் குறைவான துண்டில் மெதுவாக ஐம்பது மீட்டர் உழுது பாருங்கள்.

நூல் எல்லாமே அறுந்திருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது மண் காய்ந்திருக்கிறது, அல்லது ஆழம் அதிகம். ஒன்றிரண்டு மட்டும் அறுந்தால் அந்தக் கொத்துகளை மட்டும் பாருங்கள். எதுவும் அறுபடவில்லை என்றால் கல் உள்ள பகுதிக்குப் போங்கள். அங்கேயும் நூல் அப்படியே இருந்து, கொழு முனை மட்டும் சிதைந்திருந்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

கல் நிலத்தில் வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். வாடகை ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் காசு வாங்கினாலும் வேகமாகவே போவார்கள், அடுத்த நிலம் காத்திருக்கும். 'அண்ணா, கல் இருக்கு, செகண்ட் லோவிலேயே போங்க' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த மூன்றை உங்கள் நிலத்தில் அனுமதிக்காதீர்கள். கொத்து மண்ணுக்குள் இருக்கும்போது ரிவர்ஸ் எடுப்பது: ஸ்பிரிங் பின்னோக்கி மட்டுமே காப்பாற்றும், முன்னோக்கி வந்தால் கொத்து வளையும். கலப்பையைத் தூக்காமல் வரப்பு முனையில் திரும்புவது: பக்கவாட்டு விசைக்கும் ஸ்பிரிங்கிடம் பதில் கிடையாது. ஆழம் வரவில்லை என்று ஒரு பையனைக் கலப்பை மேல் உட்கார வைப்பது: இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பிறகு எல்லா லாக் நட்டையும் இன்னொரு முறை பாருங்கள். புது மரை கொஞ்சம் உட்காரும்.

7. ஸ்பிரிங் மாற்ற வேண்டுமென்றால்

கழற்றிய ஸ்பிரிங்குகளைத் தரையில் வரிசையாக வையுங்கள். மற்றவற்றைவிடச் சுயநீளம் (இழுக்காமல், அமுக்காமல் இருக்கும்போது உள்ள நீளம்) மாறியது, சுருள் இடைவெளி ஒழுங்கற்றது, கொக்கியில் விரிசல் உள்ளது எல்லாம் குப்பைக்கு. மாற்றும்போது ஒரு கொத்தின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கலப்பையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டாம். பழைய ஸ்பிரிங் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். பெங்களூரு பீண்யா தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. சிறிய எண்ணிக்கைக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், போன் செய்துவிட்டுப் போங்கள். ஐந்து விஷயம் எழுதிக்கொடுங்கள்: கம்பித் தடிமன், வெளி விட்டம், சுருள் எண்ணிக்கை, சுயநீளம், கொக்கிகளின் திசை. கம்பித் தடிமனை வெர்னியரால் (துல்லியமாக அளக்கும் காலிப்பர்), பெயிண்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

தடிமனில் ஏன் இவ்வளவு கறார் என்றால், ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் மடங்கில் ஏறும். 10 மி.மீ. கம்பிக்குப் பதில் 11 மி.மீ. போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். 'ஒரு மில்லி தடிமனா இருந்தா நல்லதுதானே சார்' என்று கொடுத்துவிடுவார்கள். நல்லதல்ல. நீளமான ஸ்பிரிங்கை ஒரு சுருள் வெட்டிப் பொருத்துவதும் அதே கதைதான், சுருள் குறைந்தால் விறைப்பு கூடும்.

8. காசும் காகிதமும்

ஏற்கெனவே கலப்பை இருப்பவர்களுக்குச் செலவு புஷ், பின், நட்டு, கிரீஸ் அளவில் முடியும். புதிதாக வாங்குபவர்கள் இதைப் படியுங்கள்.

உழவுக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேள்வி கேளுங்கள். பில்லில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். ஸ்பிரிங் வாரன்டியில் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை அடுத்த பருவம் வரை நிற்காது.

மானியம் வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிவிட்டு பில்லோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கர்நாடக வேளாண் துறையின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 90 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. விண்ணப்பம் உங்கள் ஹோபளியின் (தாலுகாவின் உட்பிரிவு) ரைத்த சம்பர்க்க கேந்திராவில், அதாவது விவசாயிகள் தொடர்பு மையத்தில். கையில் இருக்க வேண்டியவை: நிலத்தின் பஹணி (கர்நாடகத்தின் நில உரிமை, பயிர்ப் பதிவு நகல்), ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், ஃப்ரூட்ஸ் என்ற கர்நாடக விவசாயிகள் பதிவுத் தளத்தில் பதிந்து வாங்கிய விவசாயி எண், பிரிவு பொருந்தினால் சாதிச் சான்றிதழ். டிராக்டரின் ஆர்.சி. நகலையும் முத்திரைத்தாளையும் கேட்கலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பட்டா, சிட்டா பழகிய நம்மவர்கள் தடுமாறும் இடம் பஹணி. நிலம் இன்னும் காலமான அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் அந்த நிலத்தை உங்கள் விவசாயி எண்ணில் சேர்ப்பது சிக்கலாகும். முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதுதான் நாள் பிடிக்கும் வேலை. நிலம் அத்திபெலே தாண்டி ஒசூர்ப் பக்கம் என்றால் இந்த மானிய விதிகள் எதுவும் பொருந்தாது. அது தமிழ்நாடு, அந்த மாநில வேளாண் துறையின் உழவன் செயலி வழியாகப் போங்கள்.

இரண்டு ஏக்கருக்குக் கீழே என்றால் என் கருத்து: வாங்காதீர்கள். கிருஷி யந்திர தாரே என்ற கர்நாடக அரசுத் திட்டத்தின் வேளாண் கருவி வாடகை மையங்களில் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது இரண்டாம் படியில் சொன்னபடி கொத்துகளை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வளைந்த கொத்தை ஏற்கெனவே வளைந்தது என்று படம் எடுத்து வையுங்கள்.

9. எப்போது செய்வது

ஏப்ரல், மே மழைக்கு முன். முதல் மழை விழுந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் ராகிக்கு உழ இறங்குவார்கள். அந்த வாரத்தில் பட்டறையில் உங்கள் முகத்தைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் போனால் அதே ஆட்கள் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள். மானியத்துக்கு நிதியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது, ஒதுக்கிய பணம் தீர்ந்தால் அடுத்த ஆண்டுதான்.

மாடலைத் தேர்ந்தெடுக்க இன்னும் நேரம் இருக்கிறதென்றால், நவம்பர் வாக்கில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற வேளாண் கண்காட்சிக்குப் போங்கள். பல நிறுவனக் கலப்பைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஸ்கேலையும் வெர்னியரையும் எடுத்துப் போய், அட்ஜஸ்ட்மென்ட் நட்டு எங்கே என்று ஒவ்வொரு ஸ்டாலிலும் கேளுங்கள். விடுமுறை நாளில் கூட்டம் தாங்காது, வார நாள் காலையில் போனால் நின்று அளக்கலாம்.